மண்டபப் பொட்டலில் இடித்தால் கேட்க நாதி இல்லையா?

சட்டக் கேள்விகளுக்கு காரைக்குடி வழக்குரைஞர் பதில்

கேள்வி: போன மாதம் காரைக்குடியில் நாத்தனார் மகள் கல்யாணம். சாப்பிட்டுக் கிளம்பும்போது, மண்டபத்தை ஒட்டிய பொட்டலில் என் கணவர் காரை ரிவர்ஸ் எடுத்தார். பாத்திரம் ஏற்றிய சமையல்காரர் வேன் வேகமாக வந்து டிரைவர் பக்கக் கதவில் இடித்துவிட்டது. இவருக்கு வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். கழுத்து வலி மறுநாள்தான் தொடங்கியது. 'கல்யாண வீட்டில் போலீஸ் எதற்கு' என்று பெரியவர்கள் தடுத்ததால் புகார் கொடுக்கவில்லை. செலவைத் தருகிறேன் என்ற வேன் உரிமையாளர் இப்போது போனை எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டோ, 'அது பிரைவேட் இடம், ஒன்றும் வராது' என்கிறார். உண்மையா?
பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: இல்லை, சகோதரி. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏஜெண்ட் பேசுகிறார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பார்ப்பது வேறு: பொதுமக்கள் அங்கே வந்து போகிறார்களா? சாலை, தெருவோடு, மக்களுக்கு நுழைய உரிமையுள்ள 'வேறு இடம்' என்பதையும் பிரிவு 2(34) சேர்த்தே சொல்கிறது. தனியாருக்குச் சொந்தமான இடமாக இருந்தாலும், கேட்டில் ஆள் நிறுத்தி அனுமதித்தாலும், மக்கள் வந்துபோகும் இடம் பொது இடம்தான் என்று மும்பை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1988இல் சொன்னது. நம் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் 1999இல் அதே வழியில் போனது. உங்கள் பொட்டலில் பூக்காரர் வந்தார், மேளக்காரர் வந்தார், ஆயிரம் பேர் மொய் எழுத வந்தார்கள். இதைவிட என்ன வேண்டும்?

வளவு வீட்டுப் பின்கட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் இருவர் இடித்துக்கொண்டால் கதை வேறு. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி 'பிரைவேட் இடம்' என்ற வாதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு உங்கள் வழக்கில் கவலை இடத்தைப் பற்றி இல்லை, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்பதைப் பற்றித்தான். வம்பு வேண்டாம் என்று 'வழுக்கி விழுந்துவிட்டார்' என்று சொல்லி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் அந்த ஒரு வரி ஏறிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியாக அதைத்தான் எடுப்பார். அந்த நகலை முதலில் வாங்கிப் பாருங்கள். கழுத்து வலியை வீட்டுத் தைலத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டிச் சீட்டில் எழுத வையுங்கள். ரிவர்ஸ் எடுப்பவர் தலையைத் திருப்பிக்கொண்டு இருப்பார். அந்த நிலையில் அடி வாங்கினால் மெதுவான இடிகூடக் கழுத்தைப் பிடிக்கும், வலியும் மறுநாள்தான் தெரியும்.

அப்புறம் போலீஸ். இப்போதே எழுத்தில் புகார் கொடுங்கள், தாமதத்துக்கு உள்ள காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். புகார் தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் 'தனியார் இடம்' என்று தட்டிக்கழித்தால், பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 125ஆம் பிரிவைக் காட்டுங்கள். தாறுமாறாக ஓட்டுவதற்கான 281ஆம் பிரிவுக்குத்தான் பொதுச் சாலை வேண்டும், 125க்கு வேண்டாம். எலும்பு முறிவு கொடுங்காயம். சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள்.

மண்டபத்து சிசிடிவி பழைய பதிவைத் தானே அழித்துக்கொண்டே போகும், இன்றைக்கே கேளுங்கள். கல்யாண வீடியோ எடுத்தவரையும் பிடியுங்கள். வெட்டாத பதிவில் வாசல் பக்கம் எங்காவது அந்த வேன் இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் போடும் இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து 6 மாதம் கெடு. 2022 ஏப்ரல் முதல் இந்தக் கெடு மறுபடி வந்திருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வேன் டிரைவர், உரிமையாளர், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேருங்கள். உங்கள் கணவரும் பின்னால் பார்க்காமல் எடுத்தார் என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். அது நிரூபணமானாலும் அந்த விகிதத்துக்குத் தொகை குறையும், வழக்கு தோற்காது.

அதே சட்டத்தின் 164ஆம் பிரிவில், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் உண்டு. அதை வாங்கிக்கொண்டால் 166 மனு முடிந்துவிடும். பிளேட் வைத்த கைக்கு எது லாபம் என்று செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் பாலிசியில் உள்ள 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டை நம்பாதீர்கள். அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஆஸ்பத்திரி பில்லுக்கு அல்ல.

கேள்வி: ஜவுளிக்கடை பார்க்கிங்கில் முதலாளியின் காரை நான் ஓட்டும்போது இன்னொரு கார் இடித்துத் தோள் போய்விட்டது. மாதச் சம்பள டிரைவர் நான். முதலாளியைக் கேட்கலாமா?
ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கேட்கலாம். வேலை நேரத்தில் வேலையால் வந்த காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு, அங்கே பொது இடமா என்ற கேள்வியே எழாது. ஆனால் இடித்த காரின் மீது மோட்டார் வாகனச் சட்டப்படியும் வழி இருக்கிறது. 167ஆம் பிரிவின்படி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். சம்பளச் சீட்டு, லைசென்ஸ், முதலாளியின் பாலிசி நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். முதலாளி முகம் கோணுவார் என்று தள்ளிப்போடாதீர்கள். சம்பள டிரைவருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருந்தால், பணம் தரப்போவது அவர் இல்லை, கம்பெனி.