இரவில் விழிக்கும் குழந்தையும் ‘பால் பற்றவில்லை’ என்ற பேச்சும்

கேள்வி: எனக்கு வயது 26. தலைப்பிரசவம் முடிந்து தேவகோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஏழு வார ஆண் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து அழுகிறான். பால் பற்றாததால்தான் தூங்கவில்லை என்றும், இரவில் ஒரு வேளை பால்மாவு கொடுத்து, வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் விடியும் வரை தூங்குவான் என்றும் மாமியார் சொல்கிறார். எனக்கும் அழுகை வருகிறது. பிறந்தபோது 2.8 கிலோ இருந்தான். ஆறாவது வாரத் தடுப்பூசியின்போது 3.7 கிலோ. உண்மையிலேயே எனக்குப் பால் குறைவா?

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய எடைக்கணக்கிலேயே விடை இருக்கிறது. பிறந்த முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகள் சிறிது எடை இழந்து, இரண்டு வாரத்துக்குள் அதை மீட்டுக்கொள்ளும்; அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் போதும். உங்கள் மகன் அதில் குறை வைக்கவில்லை. 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறானா என்பதை மட்டும் கவனியுங்கள். அதுவும் சரியாக இருந்தால் உங்களுக்குப் பால் குறைவில்லை. மார்பு முன்போல் கனக்கவில்லை, பிழிந்தால் கொஞ்சமே வருகிறது என்பவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறேழு வாரத்தில் சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்ப நிலைப்படுவதால் அந்தக் கனம் குறைவது இயல்பு.

இந்த வயதில் குழந்தை விழிப்பதற்குக் காரணம் அதன் உடலமைப்பே. வயிறு சிறியது, தாய்ப்பால் விரைவில் செரிப்பது; இரவு எது, பகல் எது என்று உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் சுரப்பு இரண்டு மூன்று மாதங்களில்தான் ஒழுங்குக்கு வரும். அழுகையும் ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிடும். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் விடாமல் மார்பைத் தேடுவதும் இந்தக் காலத்துக்கே உரியது, குழந்தை பார்க்க வருகிறவர்கள் சரியாக அந்த நேரத்தில் வந்து, “பால் இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவதுதான் சங்கடம்.

பால்மாவு நஞ்சல்ல, தேவைப்படும் குழந்தைகளுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் அது செய்யப்போவது வேறு. பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக இருக்கும். குழந்தை குடிக்காமல் மார்பு நிரம்பியே கிடந்தால், இவ்வளவு தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு உடல் சுரப்பைக் குறைத்துவிடும். ஒரு வேளை டப்பாப் பால் இரண்டு வேளையாகி, சில வாரங்களில் “நான்தான் அப்போதே சொன்னேனே” என்று மாமியார் சொல்லும் நிலை வந்துவிடும். இல்லாத குறையை அந்தப் புட்டியே உண்டாக்கிவிடும்.

‘பேர் சொல்லாதது’ என்று நம் பெரியவர்கள் சொல்லும் வசம்பை நாக்கில் தடவ வேண்டாம். அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் நச்சுத்தன்மை உடையது. அதைக் கொடுத்து வாந்தியோடும் மயக்கத்தோடும் தூக்கி வரப்படும் குழந்தைகள் உண்டு. தேனும் ஒரு வயது வரை கூடாது. தேவகோட்டை வெயிலுக்குத் தொண்டை காயுமே என்று தண்ணீர் கொடுப்பதும் தேவையற்றது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை அதுவே போதும்.

குழந்தையை உங்கள் அறையிலேயே, கெட்டியான சமதளப் படுக்கையில், தலையணையோ முகத்தருகே துணியோ இல்லாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சேலைத் தூளியில் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சு முட்டக்கூடும் என்பதால், இரவு முழுவதும் அதில் விடாதீர்கள்.

குழந்தை எத்தனை முறை விழிக்கிறான் என்பதைவிட, உங்களுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது என்பதே எனக்குக் கவலை. பாலூட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிறர் செய்யலாம். ஏப்பம் விடுவிப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டுவது ஆகியவற்றை உங்கள் அம்மாவும் மாமியாரும் முறை வைத்துக்கொள்ளட்டும். கணவர் இரவு பத்து மணிக்கு வீடியோவில் பேசுகிறார் என்றால், அங்கே அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. குழந்தை தொடர்ந்து தூங்கும் முதல் சில மணி நேரத்தை அந்தப் பேச்சு விழுங்கிவிடுகிறது. அழைப்பைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் கட்டுப்படுத்தும் பத்தியத்தையும் விட்டுவிடுங்கள். பூண்டும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம். சுறாப்புட்டு பற்றித்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு: சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், பாலூட்டும் காலத்தில் நெத்திலியும் மத்தியும் மேல்.

பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் வரும் அழுகை பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஏழாவது வாரத்திலும் அது தொடர்ந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், அதை வெறும் களைப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உள்ளன. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த தடுப்பூசி பத்தாவது வாரத்தில். அன்று எடை பார்க்கும்போது மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, தராசைப் பார்க்கச் சொல்லுங்கள்.