ஆளின் பெயர் வாய்க்கு வரவில்லை, கணக்கு பிசகுகிறது: இது மறதி நோயா?

கேள்வி: எனக்கு 47 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். யாரிடம் எத்தனை கிராம் கொடுத்தோம், சேதாரம் எவ்வளவு என்பதை நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். இந்த ஒரு வருடமாக எதிரில் நிற்கும் ஆளின் பெயரே வாய்க்கு வருவதில்லை. ஒரே சரக்கை இரண்டு தடவை எழுதிவிடுகிறேன். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, வந்தால் கட்டி கட்டியாகப் போகிறது. ராத்திரியில் வேர்த்துக் கொட்டி விழிப்பு வந்துவிடுகிறது. அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் மறதி நோய் வந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா? மெடிக்கலில் ஞாபகசக்தி மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். ஒரு பெயர் தவறினாலே மனசு பதறுவது இயல்புதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மறதி நோய் போலத் தெரியவில்லை. இரண்டு தடவை எழுதியதை நீங்களே கண்டுபிடிக்கிறீர்கள். பெயரும் சற்று நேரத்தில் நினைவுக்கு வந்துவிடும் என்றே நினைக்கிறேன். மறதி நோயில் பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவலைப்படுவார்கள், நோயாளிக்கு அது அவ்வளவாகத் தெரியாது. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, தினமும் செய்கிற சமையலின் வரிசை குழம்பிப்போவது, கேட்டதையே ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, இதெல்லாம் இருந்தால்தான் நரம்பியல் டாக்டரை உடனே பார்க்க வேண்டும்.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். கர்ப்பப்பைக்கு மட்டுமல்ல, மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதிக்கும் அந்த ஹார்மோன் தேவை. அதனால் வார்த்தை தேடுவதும் கவனம் சிதறுவதும் இந்த வயதில் சகஜம். அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வில், இந்தக் கட்டத்தில் புதிதாகக் கற்கும் வேகம் கொஞ்சம் மந்தப்பட்டு, விலக்கு நின்றபிறகு பழையபடி திரும்பியது.

அதற்காக எல்லாவற்றையும் 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், சரிசெய்யக்கூடிய குறைகள் அந்தப் பெயரில் ஒளிந்துகொள்வதுதான். கட்டி கட்டியாகப் போகிறது என்கிறீர்களே, இரும்புச்சத்து இறங்கியிருக்கலாம். ரத்தம் குறைந்தாலே தலை கனத்து கவனம் நிற்காது. மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ வயிற்று எரிச்சல் மாத்திரையோ நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது அதிகம். மறதிக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஹார்மோன் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்த வயதில் அது நாளுக்கு நாள் மாறும்.

அடுத்தது தூக்கம். பகலில் கேட்டதையும் பார்த்ததையும் மூளை உறுதியாகப் பதிப்பது ராத்திரித் தூக்கத்தில்தான். நடுராத்திரி உடம்பு குப்பென்று சூடாகி, புடவை நனைந்து, மின்விசிறிக்கு அடியில் போய் உட்காருகிறவருக்கு மறுநாள் கணக்கு எப்படிச் சரியாக வரும்? பருத்தித் துணி உடுத்துங்கள். படுக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். ஏற்காட்டுக் காபி நம் ஊர்ப் பெருமைதான், ஆனாலும் மதியத்துக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்தும் உடலில் சரியாகச் சேராது.

இதற்கும் அடங்காத சூட்டுக்கு ஹார்மோன் சிகிச்சைதான் நன்றாகக் கேட்கும். அதைப் பற்றிய பயம் பெரும்பாலும் 20 வருடங்களுக்கு முந்தைய அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. 65 வயதுக்கு மேல் ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிய பெண்களிடம் மறதி நோய் அதிகமாகத் தெரிந்ததாக 2003-ல் வெளியானது. 47 வயதில் சூட்டுத் தொல்லைக்கு எடுப்பது வேறு விஷயம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்களுக்கும் கூடாது. அதனால் டாக்டரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஞாபகசக்திக்காக மட்டும் யாரும் அதை எடுக்க வேண்டாம். மெடிக்கலில் விற்கும் ஞாபக மாத்திரைகளும் வேண்டாம், அந்தக் காசுக்குக் கீரையும் முட்டையும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

அம்மாவின் நோய் உங்களுக்கும் வந்தே தீரும் என்று இல்லை. எழுபதுக்கு மேல் வந்த நோய் என்பதால் ஆபத்து ஓரளவு கூடும், அவ்வளவுதான். 2024-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதம் நாம் மாற்றக்கூடிய காரணங்களோடு தொடர்புடையது என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது மந்தம், பார்வைக் குறை, உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் அதில் வரும். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய ரத்த அழுத்தமும் கொழுப்பும் ஏறும் வயது இது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 130-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள். நம் ஊர் குமரகிரி மலைக்கோயில் படிக்கட்டு ஏறினால் காலுக்கும் வலு, இதயத்துக்கும் நல்லது. எடை போடும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். எடுத்த உடனே நோட்டில் எழுதி, ஆளின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். வீட்டிலும் சொல்லிவிடுங்கள்: சோறு வடிக்கும்போது கணக்குக் கேட்க வேண்டாம் என்று.

தனியாக ஒரு நோட்டில் விலக்கு வந்த தேதி, எத்தனை நாள் போனது, ராத்திரி எத்தனை தடவை விழித்தீர்கள் என்பதை எழுதி, டாக்டரிடம் போகும்போது எடுத்துப் போங்கள். தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராமல் இருந்து, பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.