கேள்வி பதில்: நனையாத பேப்பருக்குத்தான் விலை

போன இதழில் வீட்டுக் குப்பையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கே பெங்களூரு வாசகர்களிடமிருந்து இத்தனை கேள்விகள் வந்திருப்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறேன். வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இனி நான் எதற்குப் பிரிக்க வேண்டும்?
(வாசகி, ஸ்ரீராமபுரம்)

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, எங்கள் தெருவிலும் இதேதான் நடந்தது. ஆனால் பிரிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாங்கள் நாலைந்து வீட்டுப் பெண்கள் வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் நின்று, உலர் குப்பைப் பையைக் கையோடு வைத்துக்கொண்டு, "அண்ணா, இதைச் சாக்குல போடுங்க, உள்ள காஞ்ச பேப்பரும் பாட்டிலும்தான்" என்று தினமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தோம். ஆட்டோ டிப்பரின் பக்கவாட்டில் சாக்கு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், விலைக்குப் போகிற பொருளை அவர்கள் அதில்தான் சேர்க்கிறார்கள். எங்கள் பை சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை வர இரண்டு மாதம் ஆனது, அதற்கப்புறம் அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்படியும் கலந்து கொட்டுகிற வண்டி என்றால், உலர் குப்பையை வீட்டிலேயே பத்து நாள் சேர்த்து உங்கள் வார்டின் உலர் குப்பை மையத்திலோ பக்கத்துக் குஜரி கடையிலோ (பழைய பேப்பர், பாட்டில் வாங்குகிற கடை) நேரே கொடுங்கள். கழுவிக் காயவைத்தது நாறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓல்டு மெட்ராஸ் ரோட்டைத் தாண்டி மண்டூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இந்த நகரத்தின் சாம்பார் சாதமும் நியூஸ்பேப்பரும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கலந்து வருடக்கணக்கில் அங்கேதான் மலையாகக் குவிந்தது. நாற்றமும் ஈயும் கெட்டுப்போன தண்ணீருமாக அந்த ஊர் மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்கள் போராடிய பிறகு, 2014 டிசம்பர் 1 முதல்தான் அங்கே லாரி போவது நின்றது. அடுத்த வருடம் டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது: பச்சைத் தொட்டியில் ஈரக் குப்பை, சிவப்புத் தொட்டியில் சானிட்டரி நாப்கின், டயப்பர் போன்றவை, உலர்ந்ததெல்லாம் ஒரு பையில். நாம் பிரிப்பதை விட்டுவிட்டால் லாரி இன்னொரு மண்டூரைத் தேடித்தான் போகும்.

கேள்வி: பேப்பர் என்றால் எல்லாமே உலர் குப்பைப் பைக்குத்தானே? பரோட்டா கட்டி வந்த பேப்பர், டீ குடித்த பேப்பர் கப், கடை பில், டிஷ்யூ எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போடுகிறேன்.
(வாசகர், ஜீவன்பீமா நகர்)

பதில்: இல்லை. பேப்பர் மில்லில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது சுலபமாகப் புரியும். பழைய பேப்பரைத் தண்ணீரில் போட்டுக் கடைந்து கூழாக்குகிறார்கள், கூழில் மிதக்கிற நார்கள்தான் மறுபடியும் தாளாகின்றன. எண்ணெய் அந்த நாரோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரில் பிரியாது, வருகிற தாளில் கறையாக நிற்கும். சால்னா சொட்டிய ஒரு பேப்பரை நல்ல நியூஸ்பேப்பர் கட்டுக்குள் செருகினால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் எண்ணெய்ப் பேப்பர் ஈரக் குப்பைக்கு, ஆனால் அதில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கக் கூடாது. ஓர் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், கிழிந்த இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபட்டால் அது மக்காது. பீட்சா பெட்டியில் மேல் மூடி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், அதைக் கிழித்து உலர் பைக்கும் எண்ணெய் ஊறிய அடிப்பாகத்தை ஈரத்துக்கும் போடுங்கள்.

பேப்பர் கப்பைப் பேப்பர் என்று நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். டீ ஒழுகாமல் இருக்க அதன் உட்புறத்தில் பிளாஸ்டிக் பூசியிருக்கிறது, சாதாரண மில்லில் அதைப் பிரித்தெடுப்பது கஷ்டம். ஆபீசுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் போங்கள், அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. கடை பில்லை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது சூடு பட்டால் நிறம் மாறுகிற ரசாயனம் பூசிய தாள். அதைப் பழைய பேப்பரோடும் சேர்க்க வேண்டாம், உரத் தொட்டியிலும் போட வேண்டாம், சிவப்புத் தொட்டிக்குப் போகட்டும். டிஷ்யூவில் நார் ரொம்பக் குட்டையாகிவிட்டது, அதை ஈரக் குப்பையோடு போடுங்கள்.

நார் குட்டையாவது என்றேன் இல்லையா, அதுதான் முக்கியமான விஷயம். ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் கொஞ்சம் ஒடிகிறது, ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது. முதலில் வெள்ளைத் தாள், அப்புறம் நியூஸ்பேப்பர், அட்டைப்பெட்டி, கடைசியில் முட்டை அடுக்குகிற அட்டை என்று ஒரு தாளுக்குப் பல பிறவி உண்டு. நம் வீட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டுக் கசக்கி, காபித் தூளோடு சேர்த்து எறிகிற தாளுக்கு முதல் பிறவியோடு ஆயுள் முடிந்துவிடுகிறது, எனக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறாது.

ஜூஸ், பால் வருகிற டெட்ரா பேக் பற்றியும் வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். அதில் சுமார் 75 சதவீதம் பேப்பர்தான், மீதி பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும். அதற்கென்று தனி ஆலைகள் இருக்கின்றன. ஒரு தடவை அலசி, தட்டையாக்கி, காயவைத்து உலர் பையில் போட்டால் போதும்.

கேள்வி: பஜ்ஜி, வடையை நியூஸ்பேப்பரில் போட்டு எண்ணெய் வடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இதுவும் மறுபயன்பாடுதானே?
(வாசகி, பிரேசர் டவுன்)

பதில்: இதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சூடான எண்ணெய் பட்டதும் அச்சு மை பலகாரத்தில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஓட்டைத் தட்டில் வடியவிட்டு, வடிந்த எண்ணெயைத் தாளிக்க எடுத்துக்கொள்ளலாம். நியூஸ்பேப்பருக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன: அலமாரியில் விரிக்க, கண்ணாடி துடைக்க, நனைந்த ஷூவுக்குள் திணிக்க.

கேள்வி: பழைய பேப்பருக்கு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விலை சொல்கிறார் எங்கள் பேப்பர்காரர். ஏமாற்றுகிறாரா?
(வாசகர், அல்சூர்)

பதில்: விலை அவர் கையில் இல்லை. அவர் குஜரி கடைக்குப் போடுகிறார், அந்தக் கடைக்காரர் ஜாலி மொகல்லா மாதிரி பெரிய சந்தைக்கு அனுப்புகிறார், அங்கிருந்து மில்லுக்கு. வெளிநாட்டிலிருந்தும் கழிவுப் பேப்பர் நம் நாட்டுக்கு வருகிறது, அது மலிவாகக் கிடைத்தால் நம் தெருவிலும் விலை இறங்கும். விலைக்குப் பேரம் பேசுவதைவிடத் தராசைக் கவனியுங்கள், நியாயமான ஆளாக இருந்தால் எடை பார்ப்பதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நியூஸ்பேப்பர், நோட்டுத் தாள், அட்டை மூன்றையும் தனித்தனிக் கட்டாகக் கொடுங்கள், கலந்து கொடுத்தால் இருப்பதிலேயே குறைந்த ரகத்தின் விலைதான் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். மழையில் நனையவிடாதீர்கள். ஈரப் பேப்பரை வாங்க அவர் தயங்குவதில் தப்பே இல்லை, பூஞ்சை பிடித்தால் நஷ்டம் அவருக்கு.

கேள்வி: டயப்பரை எப்படிப் போடுவது? சுருட்டி அப்படியே பையில் போடலாமா?
(கைக்குழந்தைக்குத் தாய், கே.ஆர்.புரம்)

பதில்: பிளாஸ்டிக் கவரில் முடிந்து போடாதீர்கள் அம்மா. பழைய நியூஸ்பேப்பரில் இறுகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, சிவப்புத் தொட்டியில் போடுங்கள். உடைந்த கண்ணாடியையும் இப்படியே சுற்றிக் குறி போடுங்கள், ஆனால் அதைத் தொட்டியில் போடாமல் சொல்லிக் கையில் கொடுங்கள். உலர் குப்பை மையத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள், அங்கே தரம் பிரிக்கிற பெண்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கையுறை போட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நாம் கட்டிப் போட்ட பை ஒவ்வொன்றையும் அவர்கள் விரலால்தான் திறக்கிறார்கள். அந்தக் குறியைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒதுக்கி வைப்பார்கள்.

கேள்வி: பால்கனியில் உரத் தொட்டி வைத்தேன், புழுவும் நாற்றமும் தாங்கவில்லை.
(வாசகி, விவேக் நகர்)

பதில்: ஈரம் அதிகம், காய்ந்தது குறைவு, அவ்வளவுதான். காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலையோ கிழித்த நியூஸ்பேப்பரோ அதே அளவுக்கு மேலே போட்டு மூடுங்கள், வழவழப்பான கலர்த் தாள் வேண்டாம். நாலு நாளைக்கு ஒரு தடவை கிளறிவிட்டால் காற்று போகும். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும்.

கேள்வி: என் பாட்டி பேப்பரை அரைத்துக் கூடை செய்வார். எப்படி என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன். சொல்ல முடியுமா?
(வாசகி, மர்பி டவுன்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. என் அம்மா வீட்டில் அப்பளம் வைக்கிற கூடையே அதுதான். பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து மூன்று நாள் தண்ணீரில் ஊறவையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள், மை ஓரளவு போகும். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து, பிழிந்த பேப்பரோடு சேர்த்து மையாக அரையுங்கள். பசை மாதிரி பிடிப்பது அந்த வெந்தயம்தான், பூச்சியும் அண்டாது. கிரைண்டரில் அரைக்கலாம், மிக்ஸி சூடேறிவிடும். ஒரு குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஈரத் துணி போட்டு, கூழை அரை விரல் கனத்துக்குச் சமமாக அப்புங்கள். பாதி காய்ந்ததும் மெல்லக் கழற்றி உள்பக்கமும் காயவிடுங்கள். மூங்கில் முறத்தில் இடைவெளி விழுந்தாலும் இதே கூழைத்தான் பூசி மெழுகுவார்கள். காய நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும், அதனால் நம் ஊர் மழைக்காலத்தில் ஆரம்பிக்காமல் பிப்ரவரி, மார்ச்சில் செய்யுங்கள்.