மாமி வீட்டுச் சுவரும் உங்கள் லோன் கொப்பியும்

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில் இருக்கிறோம். கணவர் மேசன் வேலை. நான் வீட்டில் தைக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் அடுத்த முறை சாதாரண தரம் எடுக்கிறாள். கரண்ட் பில் 10,000 ரூபாவுக்கு ஏறி, சிவப்பு நோட்டீஸ் வந்துவிட்டது. தண்ணீர் பில் 3,400, கடைக் கொப்பியில் 14,000. வாரம் வாரம் கட்டும் லோன் இரண்டு ஓடுகிறது. தனி ஆள் ஒருவரிடம் மீற்றர் வட்டியில் 40,000 வாங்கியிருக்கிறேன், மாதம் நூற்றுக்குப் பத்து. லோன் கொம்பனித் தம்பி பழையதைக் கழித்துவிட்டு ஒன்றரை லட்சம் தரலாம் என்கிறார். மச்சாளின் வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது, அதில் 60,000 தரச் சொல்லி மாமி கேட்கிறா. சிநேகிதி ஒருத்தி போனில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை இருக்கிறது, சேர 15,000 கட்ட வேண்டும் என்கிறாள். செலவை எவ்வளவோ குறைத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் எதைக் குறைப்பது? ஒரு பவுண் சங்கிலி மட்டும் மகளுக்கென்று வைத்திருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குக் கொப்பிப் படங்களை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு பக்கத்தில் ‘பிஸ்கட் 120’ என்று எழுதி, பிறகு அதை வெட்டியிருக்கிறீர்கள். வாங்கப் போய், வாங்காமல் திரும்பியிருக்கிறீர்கள் போல. அதே பக்கத்தில் செவ்வாய்க்கிழமை ‘லோன் 3,700’ என்று இருக்கிறது. அதில் வெட்டு இல்லை. பிள்ளையின் பிஸ்கட்டை வெட்டும் இடத்துக்கு வந்துவிட்ட ஒருவருக்குச் சிக்கனம் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் குறைக்க வேண்டியது குசினியில் இல்லை.

கணக்கைப் பருமட்டாகப் போடுவோம். கணவருக்கு 20 நாள் வேலை கிடைக்கும் மாதத்தில் 3,500 படி 70,000. உங்கள் தையல் 8,000. மொத்தம் 78,000. சாப்பாடு 35,000, ரியூசன் 4,000, பெற்றோலும் பஸ்ஸும் 6,000, கரண்ட் தண்ணி போன் 5,000, மருந்து மாயம் 6,000. ஆக 56,000. மிச்சம் 22,000 வர வேண்டும். கஷ்டப்பட்டாலும் கடன் இல்லாமல் ஓடக்கூடிய குடும்பம் உங்களுடையது.

அந்த 22,000 எங்கே போகிறது? வாரம் 2,300 ஒன்று, 1,400 ஒன்று. மாதத்துக்கு 16,000. மீற்றர் வட்டிக்கு 4,000, அதில் முதல் ஒரு சதமும் குறையாது. 20,000 போய்விட்டது. நல்ல மாதத்திலேயே கையில் 2,000தான். மாரி தொடங்கி கணவருக்கு எட்டு நாள் வேலைதான் என்றால் வருமானம் 36,000க்கு இறங்கும். வீட்டுச் செலவுக்கே 20,000 காணாது, கடனையும் சேர்த்தால் 40,000 பள்ளம். வேலை வெயிலைப் பார்த்து வருகிறது, லோன் தம்பி செவ்வாய்க்கிழமை பார்த்து வருகிறார். போன மாரியில்தான் கரண்ட் பில் கட்டாமல் நின்றது, அப்போதுதான் மீற்றர் வட்டிக்குப் போனீர்கள் என்று உங்கள் கொப்பியே சொல்கிறது.

சரி, அந்த இரண்டு லோனும் எதற்கு எடுத்தது? ஒரு லட்சம் மச்சாள் வீட்டு அத்திவாரத்துக்கும் சுவருக்கும். அறுபதாயிரம் மாமியின் கண் ஒப்பரேஷனுக்கு என்று எடுத்து, அதிலும் பாதி சீமெந்தாகப் போயிருக்கிறது. வார லோன் பெண்களுக்குத்தானே கிடைக்கிறது. அதனால் கேட்பது மாமி, கொடுப்பது கணவர், கையெழுத்து உங்களுடையது. கட்டாரில் வேலை செய்யும் தம்பி ஒருவரும் அந்தக் குடும்பத்தில் இருக்கிறார். ஆனால் மாமரத்தடியில் லோன் எடுத்த பெண்கள் குழுவோடு குந்தியிருந்து, கடைசி ஆள் கட்டும் வரை எழும்ப முடியாமல் இருப்பது நீங்கள்தான். நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்துப் பெண் கட்ட வேண்டும் என்பதால், கரண்ட் காசை எடுத்து அங்கே கொடுக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அண்ணன்மார் முன்னின்று கட்டிக்கொடுத்தால்தான் தங்கச்சியின் கலியாணம் நடக்கும். அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், என் தங்கச்சிக்கும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் அந்தக் கடமைக்கு உங்கள் பெயரில் கடன் எடுக்கும் பழக்கம் இத்தோடு நிற்க வேண்டும். கடன் தகவல் பணியகத்தில், நம் ஆட்கள் ‘கிறிப்’ என்று சொல்வதில், பதிவது உங்கள் பெயர். நாளைக்கு மகளின் படிப்புக்கு வங்கியில் கேட்கப் போனால் அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

இப்போது அந்த ஒன்றரை லட்சம். பெரிய லோனில் இன்னும் 20 கிழமை, சின்னதில் 12 கிழமை. கட்ட இருப்பது 46,000மும் 16,800மும், 62,800. அதைக் கழித்தால் கைக்கு 87,200. மாமிக்கு 60,000 கொடுத்தால் 27,200 மிச்சம். உங்கள் பில்களுக்குக் கிட்டத்தட்ட அப்படியே காணும்! அதனால்தான் அது நல்ல வழி போலத் தெரிகிறது. வாரம் கட்ட வேண்டியது 3,430தான், இப்போதைய 3,700ஐ விடக் குறைவு என்றும் அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டது, 20 கிழமையில் முடிய வேண்டியது மறுபடி 52 கிழமையாகிறது என்பது. 3,430ஐ 52ஆல் பெருக்குங்கள், 178,360 வரும். 87,200ஐக் கையில் வாங்குவதற்காக, இப்போது கட்ட இருப்பதற்கு மேல் இன்னும் 115,560 கட்டுவீர்கள். நடுவில் ஒரு முழு மாரியும் வருகிறது. மீற்றர் வட்டியும் அப்படியே இருக்கும். வேண்டாம் தங்கச்சி. அடுத்த செவ்வாய் படிவத்தோடு வந்தால், கையெழுத்து வைக்க மாட்டேன் என்று குழுவுக்கு முன்னாலேயே சொல்லுங்கள்.

கட்டாமல் விட்டால் அரசாங்கம் தள்ளுபடி செய்யுமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் வரையான நுண்கடன்களுக்கு, உங்களுடையது போன்ற சின்னக் கடன்களுக்கு, அப்படி நடந்தது உண்மைதான். அதே வருடக் கடைசியில் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று வரம்பும் போட்டது. ஆனால் அந்த நம்பிக்கையில் தவணையை விடாதீர்கள். உங்களுக்கு இருப்பது இன்னும் 20 கிழமைதான்.

முதலில் மூட வேண்டியது மீற்றர் வட்டி. இங்கேதான் சங்கிலியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மகளுக்கென்று வைத்ததைத் தொடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் மாதம் 4,000, வருடத்துக்கு 48,000 அந்தக் கடனுக்குத் தின்னக் கொடுத்தால் அந்தச் சங்கிலியும் கடைசியில் அவசரத்தில் விலைப்படும். வங்கியில் அடகு வைத்து 50,000 எடுங்கள். மூலைக் கடையில் வைக்காதீர்கள். வருட வட்டி எத்தனை வீதம், தவணை எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நூற்றுக்கு 20 என்றே வைத்தாலும் மாதம் 850க்குள்தான் வரும். 40,000ஐ மீற்றர்காரருக்கு ஒரே தடவையில் கொடுங்கள். கொடுக்கும்போது கணவரும் நிற்கட்டும். கடன் வாங்கும்போது நீங்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்த வெற்றுக் கடதாசி கைக்கு வந்த பிறகுதான் காசு கை மாற வேண்டும். ‘பிறகு தேடித் தாறன்’ என்றால் காசையும் பிறகு கொடுங்கள். மீதி 10,000ஐ அன்றே கரண்டுக்குக் கட்டுங்கள், வெட்டிவிட்டால் மறுபடி இணைக்கும் கட்டணமும் சேரும்.

போனில் செய்யும் வேலை என்றீர்களே. வேலை தருபவர் சம்பளம் தருவார், உங்களிடம் 15,000 கேட்க மாட்டார். கட்டிய பிறகு இன்னும் நாலு பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். ஆள் சேர்த்தால் காசு என்ற பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின்படி குற்றம், மத்திய வங்கியும் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அடையாள அட்டைப் படம் அனுப்பினால் பத்து நிமிடத்தில் கடன் என்று வரும் போன் லோன்களும் வேண்டாம். படித்த பிள்ளைகளே இதில் விழுந்து அழுகிறதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேலதிக வருமானம் உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. தைத்துக் கொடுத்து இன்னும் வராத கூலி, பதினெட்டுப் பெயர், 11,000 ரூபா. பாதிப்பேர் சொந்தக்காரர். கண்ணகி அம்மன் சடங்கு வருகிறது, சாரிச் சட்டை தைக்க எல்லோரும் துணியோடு வருவார்கள். பழைய பாக்கியைத் தந்துவிட்டுப் புதுத் துணியை வையுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். புதிதாகத் தைப்பதற்குப் பாதி முற்பணம். பள்ளிக்கூட உடுப்புத் துணி கொடுக்கும் காலத்திலும் இதே முறைதான். கணவர் மாரிக்குக் காத்திருக்காமல் இப்போதே கல்முனை, காத்தான்குடிப் பக்கத்து மேசன்மாரிடம் உள்வேலைக்குச் சொல்லிவைக்கட்டும். பூச்சும் மாபிள் பதிப்பதும் மழையிலும் நடக்கும்.

கரண்டில் ஒன்றே ஒன்று. உங்கள் பில்லில் 74 அலகு. 60ஐத் தாண்டினால் தாண்டிய 14 அலகுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் 60க்கும் ஏறும். 700 வாட் ரைஸ் குக்கர் நாளுக்கு 40 நிமிடம் வேலை செய்தால் மாதம் 14 அலகு. விறகு இருக்கும் வீட்டில் சோறு அடுப்பில் ஆகட்டும்.

இப்படிப் போனால் வைகாசியிலிருந்து ஆவணி வரை மாதம் 5,000 அளவில் மிஞ்சும். பாக்கிக் கூலியும் வந்தால் தண்ணீர் பில்லும் கடைக் கொப்பியும் அதற்குள் முடியும், ஏழெட்டாயிரம் மிச்சமும் இருக்கும். ஓகஸ்ட் நடுவில் சின்ன லோன் முடிந்ததும் மாதம் 11,000. ஒக்டோபர் தொடக்கத்தில் பெரியதும் முடிந்தால் 21,000. மழை தொடங்கும்போது கையில் 50,000 அளவில் இருக்கும். மூன்று மாத மாரிப் பள்ளம் 60,000, அதைக் கடன் இல்லாமல் கிட்டத்தட்டத் தாண்டிவிடலாம். பெப்ரவரியில் வேலை தொடங்கினால் மூன்று மாதத்தில் சங்கிலியை மீட்கலாம். இடையில் நோய், செத்தவீடு என்று வந்தால் ஒன்றிரண்டு மாதம் பிந்தும், அப்போது அடகு வட்டியை மட்டும் கட்டித் தவணையை நீட்டுங்கள்.

மாமிக்கு என்ன சொல்வது? நீங்கள் சொல்லக்கூடாது, கணவர் சொல்ல வேண்டும். மருமகள் மறித்துவிட்டாள் என்று ஆகிவிட்டால் அந்தக் கதை கலியாணப் பந்தல் வரை வரும். அவர் மேசன். அவருடைய ஒரு நாள் கூலி 3,500. மாதத்தில் நான்கு ஞாயிறு தங்கச்சி வீட்டில் நின்று கல் வைத்தால் 14,000 ரூபாவுக்கு வேலை, ஒரு சதம் கடன் இல்லை. சீமெந்துக்கும் கம்பிக்கும் கட்டார்த் தம்பி அனுப்பட்டும். இதைப் போனில் சொல்லாமல், வருகிற ஞாயிறு காலையில் மட்டக்கோலும் தாச்சியும் எடுத்துக்கொண்டு அவர் நேரே அங்கே போகட்டும். வேலையைத் தொடங்கிவிட்டு, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் தாயிடம் சொல்லட்டும்.