பழைய கம்ப்யூட்டருக்கு எந்த டிடிபி மென்பொருள்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் அமிகா 500 இருக்கிறது. உள்ளே 512 கிலோபைட், அடியில் செருகிய அட்டையில் இன்னொரு 512 கிலோபைட். ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவ். நான்கு பக்கச் செய்திமடல் ஒன்றை இதிலேயே தயாரிக்க ஆசை. பேஜ்செட்டர், புரொஃபெஷனல் பேஜ், பேஜ்ஸ்ட்ரீம் மூன்றில் எதை எடுக்கலாம்?

மூன்று பெயரையும் எழுதிய நீங்கள் பிரிண்டர் என்ன என்று எழுதவில்லையே! டிடிபி மென்பொருளை, அதாவது எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டும் மென்பொருளை, அச்சிலிருந்து பின்னோக்கி வந்துதான் முடிவு செய்ய வேண்டும். எதில் அச்சாகப் போகிறது, அதற்கு எந்த வகை ஃபாண்ட் சரிப்படும், அதைத் தாங்க ரேம் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மென்பொருளின் பெயர். மெனுவின் அழகைப் பார்த்து எடுத்தவர்கள் அச்சடிக்கும் அன்று விழிப்பார்கள்.

டாட் மேட்ரிக்ஸ் அல்லது இங்க்ஜெட் என்றால் உங்கள் 1 மெகாபைட்டுக்கு பேஜ்செட்டர் 2 போதும். முதல் பேஜ்செட்டர் வேண்டாம். அதன் எழுத்துகள் பிட்மேப், அதாவது திரைக்காகப் புள்ளி புள்ளியாக வரைந்தவை. தாளில் பெரிதாக்கினால் படிக்கட்டு மாதிரி தெரியும். இரண்டாம் பதிப்பில் காம்புகிராஃபிக் அவுட்லைன் ஃபாண்டுகள் வந்துவிட்டன. எழுத்தின் வடிவம் வளைகோடுகளாகப் பதிவாகியிருப்பதால், எந்த அளவு கேட்டாலும் பிரிண்டரின் முழுத் துல்லியத்துக்கு ஏற்ப அது புதிதாக வரையப்படும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழி தெரிந்த லேசர் பிரிண்டர் கைவசம் இருந்தால் கதை வேறு. அப்போது புரொஃபெஷனல் பேஜ் அல்லது பேஜ்ஸ்ட்ரீம் 2. என் வாக்கு பேஜ்ஸ்ட்ரீமுக்கு; போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் அவுட்லைன் ஃபாண்டுகளான டைப் 1 ஃபாண்டுகளை அது நேரடியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கும் 2, 3 மெகாபைட் ரேமும் இல்லாமல் இந்த இரண்டிலும் இறங்காதீர்கள். இந்த மாடலுக்கென்றே வந்த ஏ590 பெட்டியில் 20 மெகாபைட் டிஸ்க்கும், 2 மெகாபைட் வரை ரேம் செருக இடமும் உண்டு. இரண்டு பிரச்சினையும் ஒரே பெட்டியில் தீரும்.

இன்னொன்று. 1 மெகாபைட் இருந்தும் பாதி வேலையில் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும். ஆரம்பகால அமிகா 500-இல் திரையும் படங்களும் சிப் ரேமில் மட்டுமே தங்க முடியும். அது 512 கிலோபைட்தான். அட்டையில் இருக்கும் மறுபாதி மென்பொருளுக்கும் வெறும் எழுத்துக்கும் ஆகும், திரைக்கு ஆகாது. கட்டளை தட்டும் சிஎல்ஐ சன்னலில் ‘அவெய்ல்’ கட்டளையைத் தட்டுங்கள். சிப் ஒரு வரியாகவும் ஃபாஸ்ட், அதாவது அட்டையில் இருக்கும் ரேம், ஒரு வரியாகவும் வரும். காலி எவ்வளவு என்பதைவிட, கடைசி நெடுவரிசையில் ‘லார்ஜஸ்ட்’ என்று இருக்கும் எண்தான் முக்கியம். 640×400 அளவில் 16 நிறப் படம் ஒன்றுக்கு 125 கிலோபைட் வேண்டும். 200 கிலோபைட் காலி இருந்தாலும் சிறு சிறு துண்டாகக் கிடந்தால் படம் ஏறாமல் போகலாம். அப்போது ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்காமல் ஃபைலைச் சேமித்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

திரையின் நிறத்தையும் குறையுங்கள். 640×512 இன்டர்லேஸ் (ஒரு வரி விட்டு ஒரு வரியாக மாறி மாறி வரையும்) திரை 16 நிறத்தில் 160 கிலோபைட் விழுங்கும், 4 நிறத்தில் 80. அதையே 640×256, 2 நிறம் என்று வைத்தால் 20 கிலோபைட்டோடு முடிந்தது. கறுப்பு வெள்ளை மடலுக்கு நிறம் எதற்கு? இன்டர்லேஸின் மினுக்கலும் போய்விடும்.

இரண்டாவது டிரைவ் கட்டாயம் வேண்டும். மென்பொருள் ஒன்றில், ஃபாண்டும் உங்கள் ஃபைலும் மற்றதில். ஒரே டிரைவில் ஃபாண்ட் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போட்டே பொழுது போய்விடும். நான்கு பக்கத்தையும் நான்கு தனி ஃபைலாக வையுங்கள். குரு மெடிடேஷன் என்ற அமிகாவின் பிழைச் செய்தி வந்து மெஷின் படுத்தால் ஒரு பக்கத்தோடு போகும்.

கேள்வி: அட்டாரி 520எஸ்டி, டிவியில் இணைத்திருக்கிறேன். டைம்வொர்க்ஸ் டெஸ்க்டாப் பப்ளிஷரா, கலாமஸா?

முதலில் டிவியைக் கழற்றுங்கள். வண்ணத்தில் எஸ்டி தருவது 640×200தான். 10 பாயிண்ட் எழுத்து புழு நெளிவதுபோல் தெரியும். எஸ்எம்124 கறுப்பு வெள்ளை மானிட்டரில் 640×400, மினுக்கலும் இல்லை. தொடக்ககால கலாமஸ் அந்த மானிட்டர் இல்லாமல் ஓடாது, 1 மெகாபைட்டும் கேட்கும். ஆகவே உங்கள் 512 கிலோபைட் ரேமை 1 மெகாபைட்டாகக் கூட்டாதவரை கலாமஸ் பற்றி யோசிக்க வேண்டாம்.

டைம்வொர்க்ஸ் நல்ல மென்பொருள்தான். பத்திகளுக்கு ஸ்டைல் வைத்து வேலை செய்யும் முறை நீண்ட கட்டுரைக்குச் சௌகரியம். தலைவலி எல்லாம் அதற்கு அடியில் இருக்கும் ஜிடாஸில், அதாவது ஃபாண்டையும் பிரிண்டர் டிரைவரையும் ஏற்றித் தரும் அட்டாரியின் சிஸ்டம் மென்பொருளில். ஜிடாஸ் ஃபாண்டுகள் பிட்மேப். ஒவ்வொரு அளவுக்கும் திரைக்கு ஒரு ஃபைல், பிரிண்டருக்கு ஒரு ஃபைல். திரையில் 18 பாயிண்ட் அழகாகத் தெரிந்து தாளில் வேறு அளவில் வந்தால், உங்கள் பிரிண்டருக்கான 18 பாயிண்ட் ஃபைல் இல்லை என்று அர்த்தம். பூட் டிஸ்க்கில் இருக்கும் ‘அசைன்.சிஸ்’ ஃபைலை எடிட்டரில் திறந்து பாருங்கள். 21 என்ற எண்ணுக்குக் கீழே பிரிண்டர் டிரைவரும் அதன் ஃபாண்டுகளும் வரிசையாக இருக்கும். தேவையில்லாத ஃபாண்ட் வரிக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி இட்டால் அது ஏறாது, ரேம் மிச்சம். பாடத்துக்கு 10, உள்தலைப்புக்கு 14, தலைப்புக்கு 24 என்று மூன்று அளவோடு நிறுத்தினால் 512 கிலோபைட்டிலும் சமாளிக்கலாம்.

மெஷின் தொடங்கும்போது தானாக ஓட வேண்டியவை இருக்கும் ‘ஆட்டோ’ ஃபோல்டரில் ஜிடாஸ் இருந்தும் ஏறவில்லை என்றால் வரிசை பிசகியிருக்கும். அந்த ஃபோல்டரில் இருப்பவை பெயரின் அகரவரிசைப்படி ஓடுவதில்லை. எது முதலில் காப்பி செய்யப்பட்டதோ அது முதலில் ஓடும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாகத் திரும்பக் காப்பி செய்யுங்கள்.

கேள்வி: 24 ஊசி டாட் மேட்ரிக்ஸில் அடிக்கும்போது குறுக்கே வெள்ளைக் கோடுகள். செங்குத்துக் கோடுகளும் நெளிகின்றன. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. வெள்ளைக் கோடு, தாள் நகர்வதில் வரும் கோளாறு. தலை ஒரு பட்டை அடித்து முடித்ததும் தாள் சரியாக அந்தப் பட்டையின் உயரத்துக்கு ஏற வேண்டும். ரப்பர் உருளையின் உராய்வில் ஏற்றினால் அது வழுக்கும். துளையிட்ட தொடர் தாளை டிராக்டரில் மாட்டி அடியுங்கள். ரிப்பன் பழசாகி மேல் விளிம்பு மட்டும் வெளிறியிருந்தாலும் இதே கோடு விழும், அதையும் பாருங்கள்.

நெளிவுக்குக் காரணம் இருவழி அச்சு. தலை போகும்போது அடித்த இடத்துக்கும் திரும்பி வரும்போது அடிக்கும் இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். எப்சன் வகைப் பிரிண்டர்களில் எஸ்கேப் எழுத்து, பெரிய ‘யு’, அதைத் தொடர்ந்து 1 ஆகிய மூன்று பைட்டை அனுப்பினால் ஒரு திசையில் மட்டும் அடிக்கும். நேரம் கூடும், கோடு நிமிரும்.

இதில் லேசர் தரத்தை நெருங்க ஒரு வழி உண்டு. கடைசி மடல் ஏ5 என்றால் பக்கத்தை ஏ4-இல் கட்டுங்கள், அடித்ததை ஜெராக்ஸில் 71 சதவீதமாகக் குறையுங்கள். 360 டிபிஐ (அங்குலத்துக்கு 360 புள்ளி) சுமார் 500 ஆகிவிடும். 10 பாயிண்ட் வேண்டுமானால் 14 பாயிண்ட்டில் கட்ட வேண்டும். கட்டக் கோடுகள் 1 பாயிண்ட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஜெராக்ஸ் விழுங்கிவிடும். எல்லாம் அடித்து முடித்த பிறகு புது ரிப்பன் போட வேண்டாம், அசல் பிரதிக்கு முன்பே போடுங்கள்.

கேள்வி: எச்பி லேசர்ஜெட் சீரிஸ் 2. பாதிப் பக்கம் அடித்து ‘20 எரர்’ என்கிறது. மீதி அடுத்த தாளில் வருகிறது.

பிரிண்டரின் நினைவகம் நிரம்பிவிட்டது. 1987-இல் வந்த அந்த மாடலில் அடிப்படையாக இருப்பது 512 கிலோபைட். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480×3508 புள்ளி. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்று வகுத்தால் ஏறத்தாழ 1.04 மெகாபைட். எப்படிக் கொள்ளும்? நினைவக அட்டை செருகுங்கள், அல்லது அச்சு மெனுவில் 150 டிபிஐ வையுங்கள். கால் பங்காகக் குறைந்து 270 கிலோபைட் அளவில் அடங்கும். தலைப்புகளில் அது தெரியும், பாடத்தில் பொறுத்துக்கொள்ளலாம்.

சீரியல் கேபிளில் இணைத்திருந்தால் பேரலலுக்கு மாறுங்கள். 9600 பாட் வேகத்தில் ஒரு முழுப் பக்கம் போய்ச் சேரப் பத்தொன்பது நிமிடம் ஆகும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. புள்ளிகளை அனுப்பாமல் ‘இந்த ஃபாண்ட், இந்த அளவு, இந்த இடம்’ என்று கட்டளையாக அனுப்புகிறது. புள்ளியாக்குவது பிரிண்டரின் வேலை.

அட்டாரியின் எஸ்எல்எம்804 லேசர் இதற்கு நேர்மாறு. அதற்குள் பக்கத்தை வைக்க நினைவகமே இல்லை, முழுப் பக்கமும் கம்ப்யூட்டரின் ரேமில்தான் உருவாகும். 2 அல்லது 4 மெகாபைட் ரேமுள்ள மெகா எஸ்டி இல்லாதவர்கள் அது கிடைத்தாலும் தொட வேண்டாம்.

கேள்வி: கமடோர் 64-இல் டிடிபி சாத்தியமா?

துண்டறிக்கை, வாழ்த்து அட்டை என்றால் பிரிண்ட் ஷாப் போதும். பத்தி பிரித்துக் கட்ட வேண்டுமானால் ஜியோஸ் என்ற சன்னல்-மெனு இயக்க மென்பொருளும் அதில் ஓடும் ஜியோபப்ளிஷும். 1541 டிரைவின் 170 கிலோபைட் டிஸ்க்கில் அது தவழும்; ரேம் விரிவாக்கப் பெட்டி செருகி அதையே டிஸ்க்காக வைத்தால்தான் நடக்கும். பக்கம் 80 டிபிஐ என்பதை மறக்க வேண்டாம். 9 பாயிண்ட்டுக்குக் கீழே எழுத்து வைத்தால் படிக்க முடியாது.

கேள்வி: பிரிண்டரே இல்லை. பேஜ்ஸ்ட்ரீமில் கட்டியதை பிடிஎஃப் ஆக்க முடியுமா?

தாராளமாக. பிரிண்டராக போஸ்ட்ஸ்கிரிப்ட்டைத் தேர்ந்து, போர்ட்டுக்குப் பதில் ஃபைலுக்கு அச்சிடுங்கள். அதை இன்றைய கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட்டைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளில் மாற்றினால் பிடிஎஃப். அமிகாவின் 880 கிலோபைட் டிஸ்க்கை பிசி டிரைவ் படிக்காது, அமிகாவின் சிஸ்டம் மென்பொருளான வொர்க்பெஞ்ச் 2.1 முதல் கூடவே வரும் கிராஸ்டாஸில் 720 கிலோபைட் டிஸ்க்காக ஃபார்மட் செய்து எழுதுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஃபாண்டில். பாடம் முழுவதும் டைப்ரைட்டர் எழுத்தில் வந்து வரிகள் பத்தியைத் தாண்டி ஓடினால், உங்கள் ஃபாண்ட் ஃபைலுக்குள் போகவில்லை, கோஸ்ட்ஸ்கிரிப்ட் கூரியரைப் போட்டுவிட்டது. அச்சு மெனுவில் ஃபாண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபைலின் முதல் இரண்டு எழுத்து சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியும்தான். அதற்கு முன்னால் கட்டுப்பாட்டு எழுத்து ஏதாவது ஒட்டியிருந்தால் நீக்குங்கள். தாள் அளவு ஏ4 என்று இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். விட்டால் மேல் ஓரம் வெட்டுப்படும்.

கேள்வி: இதே முறையில் அமிகாவில் தமிழ் கட்ட முடியுமா?

முடியும், கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். யூனிகோட் இந்த மெஷினுக்குத் தெரியாது. 8 பிட் டைப் 1 ஃபாண்டில் எழுத்துகளை ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடங்களில் உட்கார வைக்க வேண்டும். 128 முதல் 159 வரை தொடாதீர்கள், அமிகாவுக்கு அவை கட்டுப்பாட்டுக் குறிகள். 160 உடையாத இடைவெளி, 173 மறைஹைஃபன் (சொல் வரி முடிவில் உடைந்தால் மட்டும் தெரியும் கோடு), அவற்றையும் விடுங்கள். மீதி 188 இடம். உயிர், ஆய்தம், அகரமேறிய மெய்கள், புள்ளி மெய்கள், உகர ஊகார வடிவங்கள், டி, டீ, கொம்பும் காலும், கிரந்தம் எல்லாம் சேர்த்து நூற்றைந்தை ஒட்டி வரும். ஆங்கிலத்தையும் அதே ஃபாண்டில் திணிக்க நினைத்தால் இடம் இழுபறி. ஆங்கிலத்துக்குத் தனி ஃபாண்ட் வைப்பதே நல்லது.

ஃபாண்ட் எடிட்டரில் ஒவ்வோர் எழுத்தின் உள்பெயரும் அந்த இடத்துக்குரிய லத்தீன் எழுத்தின் பெயராகவே இருக்கட்டும். அச்சிடும்போது மென்பொருள் அட்டவணையைப் பெயரை வைத்து மாற்றி எழுதினால், உங்கள் சொந்தப் பெயர்கள் காணாமல் போய் வெற்றிடம் விழும். வடிவம் இருக்கும் பிஎஃப்பி ஃபைல், அகலம் இருக்கும் ஏஎஃப்எம் ஃபைல் இரண்டும் வேண்டும்.

பாடத்தை இன்றைய கம்ப்யூட்டரில் தட்டி, எழுத்து மாற்றி மூலம் உங்கள் அட்டவணைக்கு மாற்றி, வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக ஏற்றுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும்படி மாற்றி எழுத வேண்டும்: ‘கொ’ என்றால் கொம்பு, க, கால். பிறகு சொல்லை வரி முடிவில் உடைக்கும் ஹைஃபனேஷனை அணையுங்கள். ஆங்கில விதிப்படி உடைத்தால் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும். மேற்கோள் குறியைத் தானாக வளைக்கும் வசதியையும் அணையுங்கள்; வளைந்த குறியின் இடத்தில் நீங்கள் வேறு எழுத்தை வைத்திருப்பீர்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம். ஏ4-இல் மூன்று பத்தி வைத்து இருபுறமும் சமன் செய்தால் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். இரண்டு பத்தி, இடது ஓரம் மட்டும் சமன், 10 பாயிண்ட்டுக்கு 13 பாயிண்ட் வரி இடைவெளி என்று வைத்து ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். ‘கூ’வின் வாலும் அடுத்த வரியின் ‘கீ’ சுழியும் முட்டினால் 14 ஆக்குங்கள்.