4 அடிக்கு 6 அடி பலகையில மாடல் ரயில் ஓட்ட எத்தனை வளைவுத் துண்டு வேணும்? கணக்கு எப்பிடிப் போடுறது?

இந்தக் கேள்வியைக் கண்டிட்டு சும்மா போக ஏலாமப் போச்சு, ஏனெண்டா இதே கணக்கோட நான் ஒரு மழைக்காலம் முழுக்க மினக்கெட்டனான். உங்களிட்டயும் வெளிநாட்டில இருந்து வந்த சொந்தக்காரர் ஆளுக்குக் கொஞ்சமாத் தந்த துண்டுகள்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்.

முதல்ல விடை. ஓஓ அளவு (OO, உண்மை ரயிலை 76ல ஒரு பங்காச் சுருக்கினது), ஹோர்ன்பி எண்ட பிரிட்டிஷ் கம்பனித் துண்டு எண்டா அவையின்ர 3ஆம் ஆர வளைவு 505 மி.மீ., ஒரு பெரிய துண்டு 45 பாகை, ஆக 8 துண்டு ஒரு வட்டம். விட்டம் 1010, உங்கட பலகை அகலம் 1220, காணும். நடுவில பக்கத்துக்கு ரெண்டு 335 மி.மீ. நேர்த்துண்டு போட்டா நீளம் 1680 வரும், 6 அடிக்குள்ள அடங்கும். உள்ளுக்கு இன்னொரு பாதை வேணுமெண்டா 2ஆம் ஆரம், 438. 4ஆம் ஆரம் 572 கூட அளவில அடங்கும்தான், ஆனா சிலீப்பர்க் கட்டை போக விளிம்புக்கு 23 மி.மீ. தான் மிஞ்சும், எஞ்சின் தடம் புரண்டா நேரா நிலத்தில. இந்த ஆரமெல்லாம் தண்டவாளத்தின்ர நடுக்கோட்டுக்கு, வெளி விளிம்புக்கு இல்லை, இதை மறந்திடாதேங்கோ.

இனி என்ட கதை. கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில மகனுக்கு எண்டு தொடங்கினது. லண்டன் மச்சான் கொண்டுவந்தது 438 ஆரத்தில ஆறு துண்டு. மிச்சத்துக்கு ஜெர்மனிச் சித்தப்பா மூண்டு பீகோ (Piko, ஜெர்மன் கம்பனி) துண்டு அனுப்பினவர், அது 30 பாகை. ஆறு நாப்பத்தஞ்சு 270, மூண்டு முப்பது 90, மொத்தம் 360, கணக்குச் சரி எண்டு பெருமையா ஆணி அடிச்சன். தண்டவாள அகலம் ரெண்டுக்கும் 16.5 மி.மீ. தான், கொழுவவும் கொழுவிச்சு. ஆனா ஒவ்வொரு சுற்றிலயும் அதே மூட்டில பெட்டி கவிண்டு விழுந்தது, மகன் ஒண்டும் சொல்லாம என்ட முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டான், அதுதான் எனக்குத் தாங்கேல்ல.

பிறகு பழைய கலண்டர் தாளுகளைப் பின்பக்கமா ஒட்டி, ஒரு சிலாகையில ஆணிக்கு ஒரு ஓட்டையும் பென்சிலுக்கு ரெண்டு ஓட்டையும் போட்டு முழு அளவில கீறிப் பார்த்தன். பீகோ ஆரம் 422. ஒரு பக்கத் திருப்பம் 438ம் 438ம், அகலம் 876. மற்றப் பக்கம் 438ம் 422ம், 860. 16 மி.மீ. விலகினதை நான் இழுத்துப் பூட்டியிருக்கிறன்! பாகை சரிவந்தாக் காணாது, ஆரமும் ஒண்டா இருக்கோணும்.

இதுக்கெல்லாம் மென்பொருள் இருக்கே எண்டு ஆரும் வந்து எழுதுவீங்கள், தெரியும். இருக்கு. ஆனா தாளை நிலத்தில விரிச்சு அதில பெட்டியை வைச்சுத் தள்ளிப் பார்த்தாத்தான் நீளப் பெட்டியின்ர மூலை வளைவில எவ்வளவு வெளிய நீட்டுது எண்டு விளங்கும். வளைவு இயற்கையா இல்லை எண்டு சொல்லுறவைக்கும் ஒண்டு: எங்கட மலைநாட்டு ரயில் பாதையில ஆக இறுக்கமான வளைவு 5 செயின், கிட்டத்தட்ட 100 மீட்டர், அதை 76ஆல பிரிச்சா ஆரமே 132 செ.மீ. பிளாட்டில அதுக்கு எங்க போறது?

இடம் எண்டதும் ஞாபகம் வருது. மொட்டை மாடியில ஒரு மூலையில பலகையை ரெண்டு கிழமை வைச்சதுக்கு எங்கட பிளாட் கமிட்டி கடிதம் தந்தவை, அதே மாடியில ஒருத்தர் உடைஞ்ச பிரிஜ்ஜை மூண்டு வருசமா வைச்சிருக்கிறார், அவருக்கு ஒரு கடிதமும் இல்லை. மாசாமாசம் மெயின்டனன்ஸ் காசு நானும்தானே கட்டுறன்.

சரி, உங்களிட்ட இருக்கிற துண்டுகளைத் திருப்பிப் பாருங்கோ, கம்பனி இலக்கம் அடியில இருக்கும். அதையும் பலகையின்ர சரியான அளவையும் எழுதினீங்களெண்டா நானே கீறி படம் போட்டுவிடுறன்.