கிட்ஹப் பக்கம் வெறுமையாக இருந்தால்?

கேள்வி: வெள்ளவத்தையில் ஆறு பேரோடு சிறிய மென்பொருள் கம்பனி நடத்துகிறேன். இன்னும் இரண்டு புரோகிராமர்கள் வேண்டும். ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தும்படி நிரலைத் திறந்து விடும் மென்பொருள்) அனுபவம் இல்லாதவரின் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்க வேண்டாம் என்கிறார் என் கூட்டாளி. அவர் சொல்வது சரியா?
– வாசகர் ஒருவர், கொழும்பு 6

பதில்: உங்கள் கூட்டாளி அப்படி நினைப்பதில் வியப்பில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்களின் விவரங்களைப் பதிந்து வைக்க இங்குள்ள தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற மென்பொருள், மறு வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் கை கொடுத்தது. ஓப்பன் சோர்ஸாக விட்டதால் நடந்தது அது. மாணவர்களை ஓப்பன் சோர்ஸுக்கு எழுத வைக்கும் கூகுளின் சம்மர் ஒஃப் கோட் திட்டத்திலும் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல வருடங்கள் முன்னணியில் நின்றார்கள்.

அப்படி ஒருவர் வந்தால் விடாதீர்கள். அவர் கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் இணையதளம்) போட்ட நிரலை (கோட்) நேர்முகத்துக்கு முன்பே வாசித்துவிடலாம். முன்பின் தெரியாத ஒருவர் குறை சொன்னபோது அவர் என்ன பதில் எழுதினார் என்றும் பாருங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஆனால் கட்டாயம் என்று போடாதீர்கள். எட்டு வருடம் வங்கிக்கு மென்பொருள் எழுதியவரின் கோட் வங்கியின் சொத்து. வெளியே ஒரு வரிகூடக் காட்ட முடியாது. வேலை முடிந்து 100 இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலைத் தாண்டி வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், அம்மாவின் மருந்து. உங்கள் நிபந்தனை அளக்கப்போவது அவருக்கு இரவில் ஓய்வு இருக்கிறதா என்பதைத்தான். அதில் பெண்கள்தான் கூடுதலாக அடிபடுவார்கள்.

கிட்ஹப் கணக்கு முழுக்கப் பச்சைக் கட்டங்கள் (பங்களித்த நாட்களின் அடையாளம்) இருந்தாலும் மயங்க வேண்டாம். ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்க அழைக்கும் ஒக்டோபர் மாத நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020இல் இலவச டி-ஷர்ட்டுக்காக ஒன்றிரண்டு சொற்களை மட்டும் மாற்றி அனுப்பியவர்கள் ஏராளம். தொல்லை தாங்காமல் ஏற்பாட்டாளர்கள் நடுவிலேயே விதியை மாற்றினார்கள்.

சரி, என்ன செய்யலாம்? விளம்பரத்தில் 'இருந்தால் நல்லது' என்று போடுங்கள். இல்லாதவரை அரை நாள் கூப்பிட்டு, நீங்கள் ஏற்கெனவே திருத்திய பழைய பிழை ஒன்றை உங்கள் ஆள் ஒருவரோடு உட்கார்ந்து திருத்தச் சொல்லுங்கள். அந்த அரை நாளுக்குக் காசும் கொடுங்கள் (இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்). நீங்கள் விற்பதே ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்றால் மட்டும் கதை வேறு.

கூட்டாளியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்கு உங்கள் கம்பனி இதுவரை எத்தனை வரி எழுதிக் கொடுத்திருக்கிறது? வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் அதற்கென்று ஒதுக்கினால், நீங்கள் எடுக்கும் இருவருக்கும் அடுத்த வருடம் அவர் கேட்கும் அனுபவம் இருக்கும்.